டம்ளரில் அடங்கும் வெள்ளம்: எல்லையோரக் குழந்தை சொல்லுக்குப் பொருள் காணும் விதம்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில், ஒரு வயதுக் குழந்தைக்குத் தாகம் எடுத்தால் இரண்டு விதமான கேள்விகள் வரும். வீட்டில் ஆத்தா டம்ளரை நீட்டி "தண்ணி வேணுமா கண்ணு?" என்பார். அடுத்த வீட்டுச் சேச்சி அதே போன்ற டம்ளரை நீட்டி "வெள்ளம் வேணோ மோளே?" என்பார். பொள்ளாச்சியிலிருந்து முதன்முறையாக அங்கே பெண் பார்க்கவோ தேங்காய் வாங்கவோ போகும் பெரியவர் இரண்டாவது கேள்வியைக் கேட்டுச் சற்றுத் திகைப்பார். அவருடைய தமிழில் வெள்ளம் என்பது கரையை உடைத்துக்கொண்டு வருவது. டம்ளரில் அடங்குவது அன்று. குழந்தைக்கு அந்தத் திகைப்பு இல்லை. அது இரண்டு சொற்களுக்கும் ஒரே டம்ளரை நோக்கியே கையை நீட்டுகிறது.

பெரியவர் பழைய பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு புதுப் பொருளுக்குப் பெயர்க்கிறார். குழந்தையிடம் பெயர்ப்பதற்கு எதுவும் இல்லை. அது வெறுங்கையோடு தொடங்குகிறது. அப்படித் தொடங்குகிற உயிர் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்குள் ஒலிக்கும் பொருளுக்கும் முடிச்சுப் போடுவது எப்படி என்ற கேள்வி மொழியியலாரையும் உளவியலாரையும் நெடுங்காலமாக அலைக்கழித்திருக்கிறது. இதற்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மொழி பேசும் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் நடந்தவை. எந்தத் திறமை குழந்தையோடு பிறந்தது, எது வீட்டுப் பழக்கத்தால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்த வீடுகள் போதா. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது அந்த மாநிலத்தோடு சேர்ந்த சித்தூர் வட்டத்தைப் போல, வீட்டுக்குள் தமிழும் வேலிக்கு அப்பால் மலையாளமுமாக இருக்கும் இடங்களே அதற்குப் பொருத்தமான உரைகல் என்பது என் எண்ணம்.

குழந்தைக்குச் சொல் கற்பிப்பது எளிது என்றே நாம் நினைக்கிறோம். பொருளைக் காட்டிப் பெயரைச் சொன்னால் போதும் என்று தோன்றுகிறது. அமெரிக்க மெய்யியலார் குவைன் 1960இல் இந்த நம்பிக்கையை ஒரு கற்பனைக் காட்சியால் கலைத்துப் போட்டார். மொழி தெரியாத நாட்டில் ஒரு முயல் குறுக்கே ஓடுகிறது. ஊர்க்காரர் "கவகாய்" என்கிறார். அது முயலையா, அதன் காதையா, வெண்மையையா, ஓட்டத்தையா, இன்றைய இரவுக் குழம்பையா குறிக்கிறது? கைநீட்டிக் காட்டுவதால் மட்டும் விடை கிடைக்காது. ஏனெனில் நீட்டிய விரலின் நேரே இவை அத்தனையும் ஒருசேர இருக்கின்றன. ஆத்தா டம்ளரை நீட்டுகிறபோதும் இதே சிக்கல்தான். தண்ணீர், டம்ளர், குளிர்ச்சி, குடித்தல், வேண்டுமா என்ற வினா ஆகிய எல்லாம் அந்த ஒரு கணத்தில் கலந்து கிடக்கின்றன.

இந்தச் சிக்கலை, வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை ஆராய்ந்த நம் பக்கத்து மீமாம்சகர்கள் குவைனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரபாகரரின் மரபு, குழந்தை பெரியவர்களின் நடமாட்டத்தைப் பார்த்தே சொற்பொருளை அறிகிறது என்றது. மூத்தவர் ஒருவர் "மாட்டைக் கொண்டுவா" என்கிறார். மற்றவர் மாட்டை ஓட்டி வருகிறார். ஓரமாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தத் தொடர் முழுவதும் அந்தச் செயல் முழுவதற்கும் உரியது என்ற அளவில்தான் முதலில் புரியும். பிறகு "மாட்டைக் கட்டு" என்ற தொடர் வருகிறது. செயல் மாறுகிறது, மாடு மாறவில்லை. இன்னொரு நாள் "குதிரையைக் கொண்டுவா" என்கிறார். இப்போது மாடு போய்க் குதிரை வருகிறது, கொண்டுவருதல் அப்படியே இருக்கிறது. எந்தச் சொல் நுழைந்தபோது எது நுழைந்தது, எந்தச் சொல் விலகியபோது எது விலகியது என்று ஒப்பிட்டுத்தான் குழந்தை ஒவ்வொரு சொல்லின் பங்கையும் பிரித்தெடுக்கிறது. இதை ஆவாபம், உத்வாபம் என்று அவர்கள் அழைத்தார்கள். இதில் யாரும் குழந்தைக்குப் பாடம் நடத்தவில்லை என்பதையும், பேசுகிறவர்கள் குழந்தையைப் பார்த்துக்கூடப் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்விரண்டும் பின்னால் தேவைப்படும்.

2008இல் லிண்டா ஸ்மித், சென் யூ என்ற இரு ஆய்வாளர்கள் 12 மாத, 14 மாதக் குழந்தைகளிடம் இந்தக் கருத்தைத்தான், பெயர் தெரியாமலேயே, சோதித்தார்கள் என்று சொல்லலாம். திரையில் இரண்டு புதிய பொருள்கள் தோன்றும். இரண்டு புதிய சொற்கள் ஒலிக்கும். எது எதற்கு என்ற குறிப்பு எதுவும் இராது. ஒரே ஒரு காட்சியை வைத்துக்கொண்டு யாராலும் விடை சொல்ல முடியாது. ஆனால் காட்சிகள் மாறி மாறி வரும்போது, ஒரு சொல் ஒலித்த ஒவ்வொரு முறையும் தவறாமல் இருந்த பொருள் எது என்று குழந்தைகள் கண்டுபிடித்தன. எண்ணத் தெரியாத குழந்தை எண்ணிக்கை வைத்துக்கொள்கிறது. அது எல்லா வாய்ப்புகளையும் சேர்த்து நினைவில் வைக்கிறதா, ஓர் ஊகத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த முறை அது பொய்த்தால் கைவிடுகிறதா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மாட்டுத் தொழுவத்து எடுத்துக்காட்டு இரண்டுக்கும் பொருந்தும்.

பொருளைத் தேடுவதற்கு முன் சொல்லையே தேடியாக வேண்டும். நாம் எழுதும்போது விடும் இடைவெளி பேச்சில் கிடையாது. "பாலுகுடிக்கறயாகண்ணு" என்பது குழந்தையின் காதில் ஒரே ஓடையாக விழுகிறது. 1996இல் ஜென்னி சாஃப்ரனும் உடனாய்வாளர்களும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு, பொருளற்ற மூவசைச் சொற்களை இடைவெளியோ ஏற்ற இறக்கமோ இல்லாமல் கோத்து, இரண்டே நிமிடம் கேட்கச் செய்தார்கள். சொல்லுக்குள் ஓர் அசையை அடுத்து எப்போதும் ஒரே அசைதான் வரும். சொல் முடியும் இடத்தில் அடுத்து வருவது மாறிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைப் பற்றிக்கொண்டே குழந்தைகள் சொல்லின் எல்லையை அறிந்தன. அப்படி ஏற்கெனவே துண்டாகப் பிரித்தெடுத்த ஒலிகளைப் பொருளோடு இணைப்பது 17 மாதக் குழந்தைகளுக்கு எளிதாக இருந்தது என்று 2007இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. தமிழில் இந்தப் பிரித்தெடுப்புக்குத் தனிச் சுவை உண்டு. பாலு குடி, பாலக் கொட்டாதே, பால்ல சக்கரை என்று வேற்றுமை உருபுகள் வால்போல மாறிக்கொண்டே வர, தலை மட்டும் மாறாமல் நிற்கிறது. சேச்சியின் மலையாளத்திலும் பால் பால்தான். இரண்டு வீட்டு ஓடையிலும் ஒரே கல் தட்டுப்படுகிறது.

தன் பெயரைக் குழந்தை நாலரை மாதத்திலேயே மற்றப் பெயர்களிலிருந்து பிரித்துக் கேட்கிறது என்பது 1995இல் தெரியவந்தது. கண்ணு, தங்கம், சாமி, பாப்பா என்று வாய்க்கு வந்தபடியெல்லாம் கூப்பிட்டுவிட்டுப் பதிவேட்டுப் பெயரைப் பள்ளிக்கூடம் வரை எடுக்காத நம் வீடுகளில் இந்த ஆய்வை நடத்தினால், எந்தப் பெயரைத் தேர்ந்தெடுப்பது என்பதே பெரும் வழக்காகியிருக்கும்.

ஒலிகளைப் பற்றியும் ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். பட்டு, பத்து என்ற இரண்டையும் நாம் எளிதில் பிரிக்கிறோம். ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவருக்கு அவை ஒன்றாகவே கேட்கும். ஆனால் ஆங்கில வீட்டில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள், இந்தியின் நாமடி ஒலிக்கும் (ட போன்றது) பல்லொலிக்கும் (த போன்றது) உள்ள வேறுபாட்டை உணர்ந்தன என்றும், 10 முதல் 12 மாதத்துக்குள் அவற்றில் பெரும்பாலானவை அந்த உணர்வை இழந்துவிட்டன என்றும் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீசும் 1984இல் கண்டார்கள். வீட்டில் எந்த வேறுபாடு பொருளைப் பிரிக்கவில்லையோ அதைக் குழந்தை கைவிடுகிறது. தமிழ்ப் பேச்சில் ந, ன இரண்டும் பொருளைப் பிரிப்பதில்லை. மலையாளப் பேச்சில் அவை இன்றும் தனித்தனி ஒலிகளாக வாழ்கின்றன. கொழிஞ்சாம்பாறைக் குழந்தை அதைக் கைவிட்டால் அடுத்த வீட்டில் நட்டம்.

பொருள் எப்போது தொடங்குகிறது? முதல் சொல்லைக் குழந்தை வாய்விட்டுச் சொல்லும் ஓராண்டு அளவில் என்று நெடுநாள் நம்பப்பட்டது. 2012இல் எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளைப் பெற்றோர் மடியில் உட்காரவைத்து, இரண்டு படங்களைக் காட்டி, பெற்றோர் வாயாலேயே ஒன்றின் பெயரைச் சொல்லச் செய்து, கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிந்தார்கள். பெற்றோர் தம்மையறியாமல் குறிப்புக் காட்டிவிடாதபடி அவர்களுக்குத் திரை தெரியாமல் மறைக்கப்பட்டிருந்தது. உணவுப் பொருள்களும் உடல் உறுப்புகளும்தான் சோதனைச் சொற்கள். வேறுபாடு சிறிதுதான், ஆனாலும் பெயர் சொன்ன படத்தின் பக்கமே கண் சாய்ந்தது. பேசுவதற்குப் பாதி ஆண்டு முன்பே சொல் உள்ளே இறங்கியிருக்கிறது. அதே ஆய்வாளர்களின் அடுத்த ஆய்வில், தீர்ந்துபோயிற்று என்பது போன்ற, கையால் தொட்டுக் காட்ட முடியாத பொருளுடைய சொற்கள் பத்து மாத அளவில் புரியத் தொடங்குவது தெரிந்தது.

முதல் ஆய்வில் உணவையும் உறுப்புகளையும் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல. சோறூட்டுவதும் குளிப்பாட்டுவதும் தினம் நடப்பவை. ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வரிசை. காலை நீட்டி, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, மூக்கைப் பிடித்துவிட்டு, காதை வழித்துவிட்டு எண்ணெய்க் குளியல் நடத்தும் பாட்டி ஒவ்வோர் உறுப்பையும் தொடும் கணத்திலேயே அதன் பெயரையும் சொல்கிறார். தொடுகையும் ஒலியும் ஒரே நொடியில் சேர்கின்றன. மழலைக்கென்று பெரியவர்கள் வைத்திருக்கும் சொற்களும் இப்படித்தான் வேலை செய்கின்றன. தமிழ் வீட்டில் சோறு மம்மு. மலையாள வீட்டில் மாமு. இரட்டிக்கும் எளிய அசைகள், இழுத்து உயர்த்திய குரல், தொடரின் ஓரத்தில் தனித்து நிற்கும் இடம் ஆகியவற்றால் இந்தச் சொற்கள் ஓடையிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தவை போல ஆகின்றன. மழலைமொழியில் பேசினால் குழந்தையின் பேச்சு கெடும் என்ற அச்சத்துக்கு எனக்குத் தெரிந்து ஆதாரம் இல்லை.

அடுத்த உதவி பேசுகிறவரின் கண்ணிலிருந்து வருகிறது. ஏறத்தாழ ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்குள் குழந்தை தான் பார்ப்பதை மற்றவரும் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறது, விரல் நீட்டுகிறது. நிலாவைக் காட்டிச் சோறூட்டுவது ஏமாற்று வேலை என்று நினைக்கிறோம். அது இருவர் கவனத்தை ஒரே பொருளில் கட்டும் பயிற்சியும் ஆகும். பிள்ளைத்தமிழில் அம்புலிக்கு ஒரு பருவத்தையே ஒதுக்கிய மரபு இதை நன்றாகக் கவனித்திருக்கிறது. டேர் பால்ட்வின் 1991இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தை தன் கையிலுள்ள பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எதிரே இருப்பவர் ஒரு வாளிக்குள் எட்டிப் பார்த்தபடி புதுப் பெயரைச் சொன்னார். ஒலியையும் கண்முன் உள்ள பொருளையும் வெறுமனே ஒட்டிக்கொள்வதானால் குழந்தை தன் பொம்மைக்கு அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தைகள் அப்படிச் செய்யவில்லை. நிமிர்ந்து, பேசியவரின் பார்வையைத் தொடர்ந்து, வாளிக்குள் இருந்ததற்கே அந்தப் பெயர் என்று எடுத்துக்கொண்டன. குழந்தை சொல்லின் பொருளைத் தேடவில்லை, சொன்னவர் கருதிய பொருளைத் தேடுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது. தாயின் முகம் கைபேசிக்குள் கவிழ்ந்திருக்கும்போது குழந்தைக்குப் பறிபோவது பேச்சு மட்டும் அன்று, அந்தப் பார்வையும்தான்.

இவற்றோடு சில முன்சாய்வுகளும் உண்டு. பெயர் என்பது பொருளின் ஒரு துண்டுக்கு அல்லாமல் முழுமைக்கும் உரியது என்று குழந்தை கொள்கிறது; அந்தப் பெயரை அதே வடிவமுள்ள மற்றவற்றுக்கும் நீட்டுகிறது. நிலாவைப் பந்து என்பதும், ஆட்டையும் எருமையையும் சேர்த்து "ம்பா" என்பதும் இந்த நீட்டலின் விளைவு. அப்படிச் சொல்லும் குழந்தையிடம் படங்களை வைத்து ஆடு எது என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகவே காட்டும். வாய்க்குச் சொல் பற்றாக்குறை, மனத்துக்கு அல்ல.

இனி எல்லையோரம் பேச வேண்டிய இடத்துக்கு வருகிறோம். எலன் மார்க்மன் 1980களில் முன்வைத்த ஒரு விதி பாடநூல்களில் நிலையாக இடம்பிடித்தது: ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது. கிண்ணத்தையும் பெயர் தெரியாத ஒரு கருவியையும் முன்னே வைத்துப் புதுச் சொல் ஒன்றைச் சொன்னால், கிண்ணத்துக்குத்தான் பெயர் இருக்கிறதே என்று குழந்தை அந்தக் கருவியை எடுக்கும். அழகான, சிக்கனமான வழி. ஆனால் இது உண்மையிலேயே பிறவி விதி என்றால், நாய் என்று ஆத்தாவிடமும் பட்டி என்று சேச்சியிடமும் ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் கேட்கும் குழந்தை தினமும் தவறு செய்ய வேண்டும். பட்டி என்று கேட்டவுடன் நாயை விட்டுவிட்டு வேறெதையாவது தேட வேண்டும். அப்படி நடப்பதில்லை என்பதைச் சித்தூர் வட்டத்தில் அரை நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் யாரும் காணலாம். (தமிழ்ப் பாட்டிக்கும் மலையாளப் பட்டிக்கும் நடுவே நிற்பது ஒரு மாத்திரைதான் என்பதைக் குழந்தைகள் எப்போதோ கற்றுவிடுகின்றன, விருந்தினர்கள்தாம் தடுமாறுகிறார்கள்.)

2009இல் கிரிஸ்டா பயர்ஸ்-ஹைன்லைனும் வெர்க்கரும் 17, 18 மாதக் குழந்தைகளை மூன்று குழுவாகப் பார்த்தார்கள். ஒரு மொழிக் குழந்தைகள் விதிப்படி புதுச் சொல்லுக்குப் புதுப் பொருளைப் பார்த்தன. இரு மொழிக் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு மங்கலாக இருந்தது. மும்மொழிக் குழந்தைகளிடம் அது காணப்படவேயில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அவர்கள் இன்னும் கூர்மையான கேள்வி ஒன்றை எழுப்பினார்கள்: இரு மொழி கேட்பதனாலேயே சாய்வு மங்குகிறதா, ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்களை உண்மையில் அறிந்திருப்பதனால் மங்குகிறதா? ஆங்கிலமும் சீனமும் கற்கும் குழந்தைகளில், இணைச்சொற்கள் பல அறிந்தவற்றிடம் சாய்வு இல்லை. குறைவாக அறிந்தவற்றிடம் இருந்தது. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் என்பது மூளையோடு வந்த சட்டம் அன்று என்றும், வீட்டில் அப்படி நடப்பதைக் கண்டு குழந்தை வகுத்துக்கொண்ட பழக்கம் என்றும் இதை நான் படிக்கிறேன். பாடநூலின் பொது விதி ஒரு மொழி வீட்டின் உள்ளூர் வழக்காக இருந்திருக்கிறது.

சற்று வளர்ந்த குழந்தைகள் இதை வேறு வகையில் தீர்க்கின்றன. பெயர்கள் இரு வேறு மொழிகளுக்கு உரியவை என்று தெரிந்தால் மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரு பொருளுக்கு இரண்டையும் தயங்காமல் ஏற்கின்றன. ஒரே மொழிக்குள் இரண்டு பெயர் என்றால்தான் முரண்டு பிடிக்கின்றன. 1990இல் வெளியான இந்த முடிவு எல்லையோரத் தாய்மாருக்குப் புதிதாக இராது. யார் பேசுகிறார் என்பதும் பொருளின் ஒரு பகுதிதான். பிறந்த குழந்தையே, கருவில் இரண்டு மொழி கேட்டிருந்தால், இரண்டிலும் நாட்டம் காட்டிக்கொண்டே ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தும் கேட்கிறது என்று 2010இல் ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகலாகும் பேசும் தாய்மாரின் குழந்தைகளிடம் அறியப்பட்டது. அறைகள் இரண்டும் முதலிலேயே கட்டப்பட்டிருக்கின்றன. சாமான் வந்து சேர்வதுதான் மெதுவாக.

நெருங்கிய மொழிகள் உதவியும் செய்கின்றன, காலையும் வாருகின்றன. பிரிட்டனில் ஆங்கிலத்தோடு 13 வேறு மொழிகளில் ஒன்றைக் கற்ற இரண்டு வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த 2018ஆம் ஆண்டு ஆய்வொன்றில், இரண்டாம் மொழி ஆங்கிலத்துக்கு நெருங்கியதாக இருந்தால் அந்த மொழியின் சொல்வளம் கூடியிருந்தது. கை, கண், மூக்கு, பால், சோறு என்று நம் குழந்தைக்கு ஒரு கூடை நிறையச் சொற்கள் இரு வீட்டுக்கும் பொதுவாகக் கிடைக்கின்றன. ஆனால் பூச்ச என்றால் மலையாளத்தில் பூனை. பூச்சி என்றால் தமிழில் பூச்சி. 14 மாதக் குழந்தை ஓரொலி மட்டும் மாறும் இரண்டு ஒலிகளைக் காதால் பிரித்தறிந்தாலும், அவற்றை இரண்டு பொருளுக்குப் பெயராகக் கட்டும்போது குழம்புகிறது என்று 1997இல் கண்டறிந்தார்கள். பொருளை நினைவில் பிடித்துவைக்கும் பாரத்தில் ஒலியின் நுணுக்கம் நழுவுகிறது. ஆகவே சேச்சி வீட்டுத் திண்ணையில் பூனையைக் கண்டு "பூச்சி" என்று கத்தும் குழந்தையைத் திருத்த யாரும் அவசரப்பட வேண்டியதில்லை. சில மாதங்களில் பூனையே திருத்திவிடும்.

பெயர்ச்சொற்களைவிட வினைச்சொற்கள் கடினம். அமெரிக்கத் தாய்மார் குழந்தையோடு பேசும் காட்சிகளை ஒலியை நீக்கிப் பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டி, குறித்த கணத்தில் தாய் சொன்ன சொல் எது என்று ஊகிக்கச் சொன்னபோது, பெயர்ச்சொற்களில் கணிசமானவற்றைச் சொன்னவர்கள் வினைச்சொற்களில் பெரிதும் தோற்றார்கள். லைலா கிளைட்மன் குழுவினர் 1999இல் வெளியிட்ட இந்த முடிவின் பொருள், கண்ணால் காண்பது மட்டும் வினைக்குப் போதாது என்பதே. நம் மொழியை எண்ணினால் காரணம் விளங்கும். சட்டை போடுகிறோம், வேட்டி கட்டுகிறோம், பூ வைக்கிறோம், சேலை உடுத்துகிறோம். உடம்பில் ஒன்றை ஏற்றும் செயல்தான் எல்லாம். அதை எங்கே வெட்டி எந்த வினைக்குக் கொடுப்பது என்பதை உலகம் சொல்வதில்லை, மொழிதான் சொல்கிறது. அப்போது தொடரின் அமைப்பு கைகொடுக்கிறது. "பந்து உருளுது" என்பதில் ஒரு பெயர். "பாப்பா பந்தை உருட்டுது" என்பதில் இரண்டு. கன்னடம் பேசும் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் 2003இல் நடந்த ஆய்வில், பிறவினை விகுதி என்ற நம்பத்தக்க குறிப்பு இருந்தும், அவர்கள் தொடரில் எத்தனை பெயர்கள் வருகின்றன என்பதை வைத்தே வினையின் பொருளை ஊகித்தார்கள். மீமாம்சகர் சொன்னதுபோலத் தொடரிலிருந்துதான் சொல் பிரிகிறது.

தருதலைக் குறிக்கும் வினைகளில் எல்லையோரக் குழந்தைக்கு இன்னொரு வேலை காத்திருக்கிறது. பெறுபவர் நானோ நீயோ ஆனால் தா என்றும், மூன்றாமவர் ஆனால் கொடு என்றும் மலையாளம் இன்றும் பிரிக்கிறது. தொல்காப்பியம் இலக்கணமாக எழுதிவைத்த வேறுபாடு இது. எங்கள் கொங்குப் பேச்சில் எல்லாம் "குடு" ஆகிவிட்டது. ஆத்தாவிடம் "எனக்குக் குடு" என்று கேட்கும் பிள்ளை, வேலிக்கு அப்பால் "எனிக்கு தா" என்று கேட்க வேண்டும். கையின் அசைவு இரண்டிலும் ஒன்றே. எனவே இங்கே வினையின் பொருளுக்குள் பெறுபவர் யார் என்பது அடங்கியிருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு விரல்நீட்டிக் காட்டும் பாடம் எதுவும் உதவாது.

மீமாம்சகரின் குழந்தை ஓரமாக உட்கார்ந்திருந்தது என்றேன். பெற்றோர் எதிரே உட்கார்ந்து ஓயாமல் பேசினால்தான் குழந்தை கற்கும் என்ற அறிவுரை இப்போது பரவலாக இருக்கிறது. மெக்சிகோவில் செல்தால் மாயா மொழி பேசும் ஊரொன்றில் குழந்தைகளை நோக்கிப் பேசும் பேச்சு மணிக்கு நான்கு நிமிடம்கூட இல்லை. இருந்தும் முதற்சொற்கள் உரிய பருவத்திலேயே வந்தன என்று 2020இல் வெளியான பதிவுகள் காட்டின. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைகள் பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டே புதுச் சொல் கற்பதையும் ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. களத்துமேட்டில் இரு மொழியில் நடக்கும் தேங்காய் விலைப் பேச்சை இடுப்பில் இருந்தபடி கேட்கும் குழந்தை சும்மா இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம்.

திரையின் கதை வேறு. அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒன்பது மாத அளவில் சீனம் பேசுபவர் நேரில் வந்து 12 அமர்வுகள் விளையாடியபோது சீன ஒலி வேறுபாட்டை அவை கற்றன. அதே ஆள், அதே பேச்சு தொலைக்காட்சியில் வந்தபோது கற்கவில்லை. 2003இல் பட்ரிசியா கூல் குழுவினர் கண்ட இந்த முடிவு, ஒலி மட்டும் போதாது, பதில் தரும் ஆள் வேண்டும் என்கிறது. வளைகுடாவிலிருந்து அப்பா பேசும் காணொளி அழைப்பு இதில் சேராது. இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகள் நேரடிக் காணொளி அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றன என்றும், முன்பே பதிந்த காணொளியில் கற்கவில்லை என்றும் 2014இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குழந்தை சிரித்ததற்கு அப்பா சிரிக்கிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். வேறுபாடு அதில் இருக்கிறது.

இத்தனையும் சோதனைக்கூடத்துக்கு வெளியே நடக்கிறதா என்ற ஐயம் நியாயமானது. டெப் ராய் என்ற ஆய்வாளர் 2005 முதல் தம் மகனின் முதல் மூன்று ஆண்டுப் பேச்சுச் சூழலை வீட்டுக் கூரையில் பொருத்திய கருவிகளால் பதிவு செய்தார். அடிக்கடி கேட்ட சொல்லைவிட, குறித்த இடத்தோடும் வேளையோடும் பேச்சுச் சூழலோடும் ஒட்டியே வந்த சொற்கள் முந்திக்கொண்டன. 2024இல் இன்னொரு குழு, ஒரு குழந்தையின் தலையில் பொருத்திய ஒளிப்படக் கருவி ஆறு மாதம் முதல் 25 மாதம் வரை அவ்வப்போது பதிந்த 61 மணி நேரக் காட்சியையும் பேச்சையும் கணினிக்கு ஊட்டியது. அந்தச் சிறு பகுதியிலிருந்தே கணினி பல பெயர்ச்சொற்களைப் பொருளோடு இணைத்தது. ஒலியும் காட்சியும் சேர்ந்து வருவதிலேயே எவ்வளவு செய்தி இருக்கிறது என்பதை அது காட்டியது. பார்வையைத் தொடர்வதையும் கருத்தை ஊகிப்பதையும் அந்தக் கணினி செய்யவில்லை.

இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்று குழந்தையைக் கொண்டுபோனால், "வீட்டில் ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற அறிவுரை இன்றும் கிடைக்கிறது. எங்கள் உறவில் ஒரு குடும்பத்துக்கு அப்படிச் சொல்லி, அமுச்சியை, அதாவது அம்மாவின் அம்மாவை, குழந்தையிடம் பேசாமல் இருக்கச் செய்தார்கள். அந்த அறிவுரைக்கு அடிப்படை மெலிது. மயாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கற்ற குழந்தைகளின் இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணியபோது, அவை ஒரு மொழிக் குழந்தைகளின் அளவுக்குக் குறையவில்லை என்று 1993லேயே எழுதப்பட்டது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். தமிழ்த் தட்டை மட்டும் நிறுத்துவிட்டு மலையாளத் தட்டைத் தரையில் விட்டதன் விளைவு அது. இதைவிடக் கவலையானது, இரு மொழி என்ற காரணம் கையில் எளிதாகக் கிடைப்பதால் காது கேட்கிறதா என்ற சோதனை தள்ளிப்போவது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த மொழியிலும் திரும்பாத ஒரு வயதுக் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது காதை.

வெள்ளத்துக்குத் திரும்புவோம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. கிணறு வறண்டு ஆழியாற்று நீரை எதிர்பார்த்துக் கிடக்கும் ஊர்கள் அவை. அங்கே வளரும் குழந்தை தமிழ்ப் பொருளிலான வெள்ளத்தைப் பார்க்காமலேயே பள்ளி வயதை எட்டலாம். 2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதும் நீரில் தத்தளித்தபோது, தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்த ஆத்தாமார் "வெள்ளம் வந்திருச்சு" என்று பதறியிருப்பார்கள். சேச்சிமார் "வெள்ளப்பொக்கம்" என்றிருப்பார்கள். டம்ளரில் இருந்த சொல் இப்போது வீட்டுக் கூரை மட்டும் தெரியும் ஒரு பரப்பின்மேல் ஒலிக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை படத்தைப் பார்க்கிறது. பிறகு பேசியது யார் என்று முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது.